நல்ல புகை

ஏம்மா இப்பிடித் தள்ளித் தள்ளி ஒக்காருறீங்க? பெஞ்சு முடிஞ்சிருச்சு, இன்னும் தள்ளுனா கீழதான் விழணும். நல்லா ஒக்காருங்க. எனக்கு ஒட்டுவாரொட்டி ஒண்ணும் கெடையாது. சீக்கு எனக்கில்ல, என் மகளுக்கு. அந்தா, சன்னலோரமா புஸ்தகத்த வச்சுக்கிட்டு நிக்கிறாளே, ரெட்டச்சடை, அவதான். யோகஸ்ரீ. பத்தாவது படிக்கிறா, பங்குனியில பரிச்ச. இங்கிட்டு வந்து ஒக்காருடின்னா மாட்டேங்கிறா. அவளுக்குக் காத்து வேணுமாம்.

எங்களுக்கு சிவகாசிப் பக்கம். டோக்கன் முப்பத்தொண்ணு. உங்களுக்கு? முப்பத்தாறா, சரியாப்போச்சு. இப்பத்தான் இருவத்தஞ்சு உள்ள போயிருக்கு. நெஞ்சு டாக்டர்ட்ட இம்புட்டுக் கூட்டம். மதுர சனம் பூராவும் இழுத்துக்கிட்டுத்தான் திரியிது போல.

அந்தச் சன்னல் வழியா கீழ பாருங்க. மருந்துக்கடைப் படியில நீலச்சேல கட்டி, தல நெறைய மல்லியப்பூ வச்சு ஒக்காந்திருக்காளா? ஆஸ்பத்திரிக்கு வந்தவ மாதிரியா இருக்கா, கல்யாணத்துக்கு வந்தவ மாதிரி. அவதான் சொர்ணத்தாய். எங்க மூத்தாரு பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. என் பிள்ளைய இந்தக் கதிக்குக் கொண்டாந்தவ அவதாம்மா.

பெறகு எதுக்குடி கூட்டியாந்தேன்னு கேப்பீங்க. நானா கூட்டியாந்தேன்? எங்க வீட்டுக்காரருக்கு லீவு கெடைக்கல. பஸ்ல பிள்ளைக்கு மூச்சு முட்டுனா மதினிக்குத்தான் பதறாம இன்ஹேலர் வைக்கத் தெரியும், மதினி கூட வரட்டும்னு சொல்லிட்டாக. பெத்தவ நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், மதினி வரணுமாம். சரி வந்து தொலையட்டும், ஆனா மாடிப்படி ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நேராச் சொல்லல. பிள்ளகிட்டச் சொல்லி விட்டேன். அவள அக்கான்னு கூப்பிட்டு ஏழு மாசமாச்சு.

மொதல்ல இருந்து சொல்றேன், நீங்களே நாயஞ் சொல்லுங்க.

எங்க மாமனார் கட்டுன வீடு. அவரு போனப்பெறகு நடுவுல ஒரு சுவத்த எழுப்பி, கெழக்கால நாங்க, மேக்கால அவுக. சுவத்துக்கு மேல ஒரு வெண்டிலேட்டர், ரெண்டு வீட்டுக்கும் காத்துப் போகட்டும்னு கொத்தனார் விட்டது. அது வழியா அவ வீட்டுக் கருவாட்டு வாசனை எங்க வீட்டுக்கு வரும். எங்க வீட்டு சாம்பிராணி வாசனை அங்க போகும். யாரு வீட்ல என்ன வாசனைன்னு பாத்துக்கோங்க.

சாம்பிராணின்னா எனக்கு உசுரும்மா. சாமிக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. தலைக்குக் குளிச்சா முடி காய அதுதான் வேணும். மழக்காலத்துல துணி நாத்தம் போகணும்னா அதுதான். கொசுவா, சாம்பிராணி. கக்கூஸ் நாத்தமா, ஒரு ஊதுபத்தி. வீட்ல சண்ட போட்டு முடிச்சா ஒரு தடவ நாலு மூலையும் காட்டிட்டா மனசு அடங்கும். வெண்கடுகு, மருதாணி வெத, வேப்பங்கொட்ட எல்லாம் இடிச்சு நானே டப்பாவுல வச்சிருக்கேன். அந்தக் கம்ப்யூட்டர் சாம்பிராணியெல்லாம் நான் தொடமாட்டேன். கூம்பு மாதிரி ஒண்ணக் கொளுத்தி வச்சிட்டு டி.வி. பாக்குறதா பூச? தூபக்கால்ல செரட்டக் கனல் இருக்கணும், அதுல தூளத் தூவணும், நம்ம கையால வீசணும்.

பொறி பறக்காதான்னு கேக்காதீங்க. அத எங்ககிட்டக் கேக்கவே கூடாது. எங்க வீட்டுக்காரரு பதினெட்டு வருசமா வெடி பாக்டரியில ஃபோர்மேன். தீயப்பத்தி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அங்க உள்ள போகும்போது தாமிரத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போகணும், நைலான் துணி உடுத்தக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. அந்த ரூல்ஸ்தான் எங்க வீட்லயும். சாம்பிராணி போடும்போது நூல்சேலதான் கட்டுவேன். முந்தானைய இழுத்துச் சொருகிக்குவேன். தூபக்காலு வெறுந்தரையில வைக்கமாட்டேன், பித்தளத் தட்டுல ரெண்டு வெரக்கட மணலு, அதுக்கு மேல. பக்கத்துல ஒரு வாளித் தண்ணி. சிலிண்டர் இருக்கிற பக்கம் கொண்டு போறதில்ல. எண்ணெத் தலையோட யாரையும் கனல்கிட்டக் குனியவிடமாட்டேன். ஊதுபத்திய வாழப்பழத்துல குத்திவச்சிட்டுக் கடைக்குப் போற பொம்பளைகளக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அது சாஞ்சு திரைச்சீலையில விழுந்தா? நான் டம்ளர்ல மணல நெரப்பி அதுலதான் நடுவேன், சாம்பல் கூட வெளிய விழாது. கனல அப்பிடியே குப்பையில கொட்டமாட்டேன், தண்ணிய ஊத்தி, ஆறவிட்டு, கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் கொட்டுவேன். காத்தடிச்சா பொறி பறக்கும்னு கதவு சன்னல் எல்லாத்தையும் அடச்சிருவேன். ஃபேனையும் அமத்திருவேன். இருவது வருசத்துல ஒரு துணியில ஒரு ஓட்ட விழுந்ததில்ல. யாரு வேணாலும் வந்து பாக்கட்டும்.

அப்பிடி வச்சிருந்த வீட்லதான் அவ கண்ண வச்சா.

போன ஆடி. கோயில் பொங்கல். எல்லாரும் அடுப்புக்கிட்ட நிக்கிறோம். இந்தச் சொர்ணத்தா வந்து, என் பிள்ள சடையக் கையில தூக்கிப் பிடிச்சு, "எம்புட்டு முடிடி ஒனக்கு! எனக்கெல்லாம் கனவுலதான் வரும்"ன்னா. நாலு பேரு முன்னால சொல்றா. அவளுக்கு எலிவாலு, பாத்தீங்கல்ல, அத மறைக்கத்தான் அம்புட்டுப் பூவு. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைய மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டி, தலைக்கு ஊத்தி, கூடையக் கவுத்தி, அடியில தூபக்கால வச்சு, மேல முடிய விரிச்சுப் போட்டு, ஒரு மணி நேரம் படுக்க வச்சேன். கதவெல்லாம் அடச்சு. திருஷ்டி வெளிய போறவரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அன்னைக்கிச் சாயங்காலமே பிள்ள இரும ஆரம்பிச்சிட்டா. எம்புட்டு வேகமாப் பாஞ்சிருக்கு பாருங்க அவ கண்ணு!

அதுவரைக்கும் வெள்ளி செவ்வாதான் போடுவேன். அன்னையில இருந்து தெனமும், காலையில ஒண்ணு, வெளக்கு வைக்கையில ஒண்ணு. பிள்ள இரும இரும நான் கூடப் போட்டேன். வத்தலக் கனல்ல போட்டுப் பாத்தேன். நெடி வந்தா திருஷ்டி இல்லம்பாங்க, நெடி வரலன்னா இருக்கும்பாங்க. எனக்கு நெடியே வரலம்மா! ஆறு வத்தல் போட்டும் வரல. எங்க வீட்டுக்காரரு தும்மிக்கிட்டு வெளிய ஓடுனாக, பிள்ள கண்ணுல தண்ணி கொட்டுது, எனக்கு ஒண்ணுமே தெரியல. அப்ப என்னச் சுத்தியும் எம்புட்டுச் செஞ்சு வச்சிருப்பா, யோசிங்க.

இப்ப வர்ற சாம்பிராணியிலயும் சத்தே இல்ல. முன்னால ஒரு சிட்டிக போட்டா தெரு முழுக்க மணக்கும். இப்ப மூணு கரண்டி போட்டாலும் வாசனையே காணோம். கடைக்காரன்ட்ட ரெண்டு தடவ சண்ட போட்டுட்டேன். அவன் என்னமோ என்ன ஒரு மாதிரிப் பாக்குறான்.

பெறகு ஒரு யோசன வந்துச்சு. யாரு அனுப்புனாளோ அவளுக்கே திருப்பி அனுப்பணும்ல? டேபிள் ஃபேன எடுத்து, வெண்டிலேட்டருக்கு நேரா ஸ்டூல்ல வச்சு, பொகையப் பூராவும் அவ வீட்டுப் பக்கம் தள்ளி விட்டேன். கனலுக்குப் பின்னால ரெண்டடி தள்ளித்தான் ஃபேனு, பொறி பறக்காது, அதெல்லாம் நான் கணக்காத்தான் வைப்பேன். அந்தப் பக்கம் அவ லொக்கு லொக்குன்னு இருமுறது கேக்கும். பொய் சொல்ல மாட்டேன், காதுக்குக் குளுமையா இருந்துச்சு. மொதல்ல ஈரச்சாக்கத் தொங்கவிட்டா. நான் ஃபேன மூணாம் நம்பர்ல வச்சேன். கார்த்திகையில ஒருநா நாங்க இல்லாத நேரம் பாத்துக் கொத்தனாரக் கூட்டியாந்து வெண்டிலேட்டரச் செங்கல் வச்சுப் பூசிட்டாம்மா! என் வீட்டு நல்ல காத்து அவளுக்கு ஆகலயாம். செஞ்ச வெனை அந்தப் பக்கம் திரும்பிருமேன்னு பயம். வேற என்ன?

அதுக்கப்பெறகுதான் பிள்ளைக்கு ரொம்ப மோசமாச்சு. பாத்தீங்களா, அவ அடச்ச மறுவாரத்துலயே. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

மார்கழியில ஒரு காலையில, பூசைய முடிச்சுத் திரும்பிப் பாக்குறேன், பிள்ள சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. வாய் தெறந்திருக்கு, சத்தம் வரல. ஒதடு நீலமாயிருச்சு. நான் கத்துன சத்தத்துல அவதான் ஓடியாந்தா. கதவ ஒதச்சுத் தெறந்தா. என் பிள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுத் தெருவுக்கு ஓடிட்டா. தெருவுல, எல்லாரும் பாக்க, கீழ ஒக்காந்து பிள்ளைய முன்னால சாச்சு, முதுகத் தடவிக்கிட்டே, "மெதுவாத்தா, மெதுவா"ங்கிறா. அவ ஆட்டோவ வரச் சொல்லி, அவதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. நான் பின்னாலயே ஓடுறேன். என் மக அவ சேலையப் பிடிச்சிருந்தாம்மா. என் கைய இல்ல. அத நெனச்சா இப்பவும் நெஞ்சு எரியுது.

அரப்பரிச்ச லீவு பத்து நாளும் பிள்ள அவ வீட்லதான் கெடந்தா. ஒரு இருமல் இல்ல. ஒரே ஒரு இருமல் இல்லம்மா! சுவத்துல காத வச்சுக் கேட்டேன், சிரிப்புச் சத்தந்தான் வருது. நம்ம வீட்டுக்கு வந்த மறுநாளே ஆரம்பிச்சிருச்சு. இதச் சொன்னா எங்க வீட்டுக்காரரு என்னைய ஒரு மாதிரிப் பாக்குறாக. வச்சவளுக்குத்தான எடுக்கத் தெரியும்? அவ வீட்ல இருக்கிறவரைக்கும் எடுத்திருவா, இங்க வந்தா திரும்ப வச்சிருவா. சின்னப் பிள்ளைக்குக் கூடப் புரியும்.

டாக்டரா? டாக்டர் என்ன சொன்னாரு... ஐப்பசியில மொதத் தடவ வந்தப்ப நெறையாக் கேள்வி கேட்டாரு. வீட்ல பொக உண்டான்னாரு. பொகையா, எங்க வீட்லயா? யாரும் பீடி சிகரெட் தொடுறதில்ல, வெறகடுப்பு இல்ல, கேஸ் அடுப்புதான்னு சொன்னேன். இந்தக் கழுத என்னமோ பேச வாயத் தெறந்தா, தொடையில கிள்ளுனேன். பெரியவுக பேசும்போது என்ன? அப்ப வீட்டுக்காரரு துணியில வெடிமருந்து ஒட்டிக்கிட்டு வரலாம்னாரு டாக்டர். அன்னையில இருந்து அவுகளுக்கு வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னால வாசல்லயே குளியல். மார்கழிக் குளுருலயும் தொட்டித் தண்ணி. மருந்துக் கலவைப் பக்கமே போகாம கிட்டங்கியில சரக்கு அடுக்குற வேலைக்கு மாத்தி வாங்கிக்கிட்டாக. பூனைய வெரட்டிட்டோம். தலகாணியெல்லாம் கொளுத்தியாச்சு. பிள்ளைக்குன்னா எதையும் விடுவோம்மா நாங்க. அவ சாப்பிட ஒக்காந்தா நான் தட்டப் பாக்குறதில்ல, அவ நெஞ்செலும்பு ஏறி எறங்குறதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எம்புட்டுப் பயமா இருக்கு தெரியுமா எனக்கு?

இன்னைக்கித்தான் முடிவு. இன்னைக்கும் டாக்டர் ஒரு வழி சொல்லலன்னா, பரிச்ச முடியிறவரைக்கும் மதினி வீட்லயே யோகா இருக்கட்டும்னு அவுக சொல்லிட்டாக. பிள்ளையும் சரிங்கிது. துணியக்கூட எடுத்து வச்சிட்டா. ஒரு சுவருதான் நடுவுலங்கிறாக. ஒரு சுவருதான். ஆனா அந்தப் பக்கம் போன பிள்ள திரும்பி எனக்குப் பிள்ளையா வருமா? அவளுக்கும் ஒரு பொட்டப்பிள்ள இல்ல. ரெண்டும் பயலுக. ஆசையிருக்கும்ல? நான் இருக்கிறவரைக்கும் நடக்காது. இந்தா, இந்தப் பையில பாருங்க. பஸ்ஸவிட்டு எறங்குனதும் நாட்டு மருந்துக் கடையில வாங்குனேன். அசல் குங்கிலியம், கனல்ல போடுறதுக்கு, அரக்கிலோ. இன்னைக்கி வீட்டுக்குப் போனதும்...

என்னது? என்ன கேட்டீங்க?

அந்தப் பொகையாவா? அந்தப் பொகையாலயா இருக்கும்? நல்லாக் கேட்டீங்கம்மா. சாமிக்குப் போடுற பொக ஆளக் கொல்லுமா? அது நல்ல பொகம்மா. கோயில்ல போடுறாக, பெத்த பிள்ளைக்குப் போடுறாக. பீடிப் பொகையும் சாம்பிராணியும் ஒண்ணா? நீங்களும் அவ மாதிரியே பேசுறீங்களே. அவளும் இதத்தான் சொன்னா, "கதவையாச்சும் தெறந்து வச்சுப் போடு மாரீஸ்வரி"ன்னா. நான் கதவத் தெறக்கணும், அவ கண்ணு உள்ள வரணும். மொகத்துல துணியக் கட்டிக்கிட்டுப் பேசுறீங்க, உங்களச் சொல்லிக் குத்தமில்ல. பெரியவுகளாச்சேன்னு மனசு விட்டுப் பேசுனேன், எனக்கு வேணும்.

முப்பத்தொண்ணா? இந்தா வந்துட்டோம், சிஸ்டர். ஏ யோகா, வாடி. புஸ்தகத்த மூடு. இந்தா பாரு, டாக்டர் கேட்டா ஒழுங்காச் சொல்லு, நம்ம வீட்ல பொகையே இல்லன்னு. என்னடி மொறைக்கிற? என்ன? நான் வரவேண்டாமா? ஏன் நான் வரக்கூடாது? நீ மட்டும் போயி என்ன... ஏ, யோகா!

கதவச் சாத்திட்டா. பாத்தீங்களா? மொகத்துக்கு நேரா சாத்திட்டா. பதினஞ்சு வயசுக்கு இருக்கிற திமிரப் பாருங்க. எல்லாம் அந்தப் பத்து நாள்ல அவ சொல்லிக் குடுத்தது.

ரொம்ப நேரமாகுது. எல்லாருக்கும் அஞ்சு நிமிசந்தான், இவளுக்கு மட்டும் எதுக்கு இம்புட்டு நேரம்?

இருமுறா. கேக்குதா உங்களுக்கு? அவதான். பேசிக்கிட்டே இருமுறா.

சிஸ்டர், என்னாச்சு? மாஸ்க் வச்சு மருந்து பிடிக்கணுமா? பிடிங்க, நான் பக்கத்துல ஒக்காந்து... ஏன்? நான் ஏன் வரக்கூடாது? பெத்தவ நான். சேலையிலயா? என் சேலையில பொக நாத்தமா? சிஸ்டர், நல்லாத் தொவச்ச சேல இது, காலையில எடுத்துக் கட்டுனது. எங்க வீட்ல பொகையே... சொல்லிட்டாளா? எல்லாத்தையுமா? ஃபேன் வச்சத? கூடையக் கவுத்துனதையுமா?

ம்.

வேற ஆளா? பெரியம்மாவ வரச் சொல்லச் சொன்னாளா. அவளே கேட்டாளா.

ஏம்மா, நீங்க உண்மையச் சொல்லுங்க. கோவிச்சுக்கமாட்டேன். என் மேல அடிக்குதா? அதுக்குத்தான் மொதல்லயே தள்ளித் தள்ளி ஒக்காந்தீங்களா? தலைய ஆட்டுறீங்க. அம்புட்டு அடிக்குதா? எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா. இந்தா, முந்தானைய மூக்குலயே வச்சுப் பாக்குறேன். பைக்குள்ள மூஞ்சிய விட்டுப் பாக்குறேன். ஒண்ணுமே தெரியலயே. எத்தன நாளா எனக்குத் தெரியல?

அந்தக் கதவுக் கண்ணாடி வழியா தெரியிறா பாருங்க. மாஸ்க்கு வச்சிருக்காக. கதவையே பாத்துக்கிட்டு இருக்கா, யாரும் வரலயேன்னு. தனியா இருந்தா பயந்துக்கிருவா, சின்னதுல இருந்தே அப்பிடித்தான்.

நீங்க போயி அவளக் கூப்பிடுறீங்களா? கீழதான். நீலச்சேல. பிள்ளைய இப்பிடி விட்டுட்டு என்னால எறங்க முடியல. உங்களாலயும் படி எறங்க முடியாதா. சரி. சரி, தள்ளுங்க, அந்தச் சன்னலோட இன்னொரு கதவையும் தெறக்குறேன்.

அக்கா! ஏ சொர்ணத்தாக்கா! இங்க, மேல பாருக்கா! நாந்தான். மேல வா. பிள்ளைக்கு மருந்து பிடிக்கிறாக, பக்கத்துல ஆளு வேணுமாம், ஒன்னையத்தான் கேக்குறா. ஏறலாமான்னு கேக்காத, ஏறு, நாந்தான் சொல்றேன்ல? ஓடியாக்கா!

இரு, இரு! அந்த மல்லியப்பூவப் பிச்சு எறிஞ்சிட்டு வா. வாசனையெல்லாம் பிள்ளைக்கு ஆகாதாம்.